ந.க.எண்

தொண்டியிலிருந்து வரும் ஏழேகால் பஸ்ஸை விட்டால்
அடுத்ததில் கம்பிதான் துணை.
காரங்காடு விலக்கில் ஏறி
மடியில் விரிக்கிறேன் தாள் எட்டை:
குறைதீர்ப்பு, குடிமக்கள் சாசனம், பொறுப்புடைமை.
உப்பூர் தாண்டியதும்
எனக்கு முன்னால் காற்று படித்துப் புரட்டிவிடும்.

எம்.ஏ. பொது நிர்வாகம், இரண்டாமாண்டு.
ராமநாதபுரம் மீன்துறை அலுவலகத்தில்
இரண்டு மாதப் பயிற்சி.
சான்றிதழ் உண்டு, சம்பளம் இல்லை,
மின்விசிறிக்குக் கீழே நாற்காலியும் இல்லை.

அலைபேசியில் பேராசிரியரின் செய்தி:
ஆய்வு உதவித்தொகை, கடைசி நாள் முப்பது,
வருமானச் சான்று அவசியம்.
வருமானம் என்றதும் சிரிப்பு வந்தது.
ஏப்ரல் பதினைந்தில் கட்டிய விசைப்படகு
ஜூன் பதினான்குவரை கட்டியபடியே கிடந்தது.
அப்பா வலைக்குத் தையல் போட்டார்,
போட்ட தையலைப் பிரித்து மறுபடி போட்டார்.
அம்மா நண்டு கம்பெனியில்
ஓடுடைத்துச் சதையெடுத்த காசில்
ஆறு பேர் சாப்பிட்டோம்.

தடைக்கால நிவாரணம்
எங்கள் தெருவில் நாற்பத்து மூன்று வீட்டுக்கு வரவில்லை.
வங்கி இன்னொரு வங்கியோடு சேர்ந்ததில் குறியீடு மாறிப்போய்
பணம் வந்த வழியே திரும்பியதாம்.
திரும்பி எங்கே போனது?
அதைத்தான் கேட்டிருந்தேன்
தகவல் உரிமை மனுவில்,
அம்மாவின் பெயரில், என் எழுத்தில்.

இருபத்தாறாம் நாள்
வள்ளிமயில் மேடம் ஒரு கோப்பை நீட்டினார்.
"காரங்காட்டு அருளாயின்னு ஒரு அம்மா.
அழகான கையெழுத்து. யாரோ படிச்ச பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கு.
நீ வரைவு போடு, கத்துக்கலாம்."

நலமுரண் என்று இதற்குப் பாடத்தில் பெயர்.
ஐந்து மதிப்பெண் கேள்வி.
நான் வாய் திறக்கவில்லை.

பெறுநர் என்ற இடத்தில் அம்மாவை எழுதினேன்.
பொருள்: நிவாரணம் தொடர்பாக.
பார்வை: தங்கள் மனு.
அந்த ஒரு சொல்லில் கொஞ்சம் நின்றேன்,
யார் பார்த்தார்கள் என்று.
பிறகு நாற்பத்து மூன்று பெயரையும்
திரும்பிய தேதியையும் பதிவேட்டிலிருந்து எடுத்து
இரண்டு பக்கம் வரைந்தேன்.

மேடம் படித்தார். சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு
இன்னொரு முறை படித்தார்.
ஆறு பிரிவு, மூன்று பணியிடம் காலி,
இரண்டு வருஷத்தில் ஓய்வு.
கெட்டவர் இல்லை, எனக்கும் ஒரு கவளம் தந்தவர்.
சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு.
"பட்டியல் சென்னைக்குப் போயிருக்கும்மா.
அங்கிருந்து வராம நாம எப்படிச் சொல்ல?"
மிஞ்சியது ஒரே வரி:
தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது
எனத் தெரிவிக்கப்படுகிறது.

தெரிவிக்கப்படுகிறது.
தெரிவிப்பவர் யாரென்று தெரியாதபடி
தமிழில் எப்படி எழுத முடிகிறது பாருங்கள்.

தட்டச்சு செய்தது நான்.
உறைமேல் முகவரி எழுதியது நான்.
பதிவுத் தபாலுக்குப் பசை தடவியதும்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தது.
நண்டு வாடை போகாத விரல்களால்
ஓரத்தை மட்டும் பிடித்து அம்மா பார்த்தாள்,
உள்ளே இருந்ததை அல்ல, உறையை.
"இந்த 'ரு' நீ போடுறதுல்ல?"

ஆமாம் என்றேன்.
வேறொன்றும் கேட்கவில்லை. பேசாமல் உலை வைத்தாள்.
அந்த அரைமணி நேரம்
எந்தத் தாளிலும் வராது.

முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு.
அன்றிரவே எழுதினேன்.
அம்மா இந்த முறை முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு
'பணிவுடன்' என்ற சொல்லை எடுக்கச் சொன்னாள்.
எடுத்தேன்.

திங்கட்கிழமை அது அலுவலகம் வரும்.
உள்வரு பதிவேட்டில் நான்தான் எண் போடவேண்டும்.
மேல்முறையீடு என்றால் சிவப்பில் போடுவது வழக்கம்.
சிவப்புப் பேனா
வள்ளிமயில் மேடத்தின் மேசையில் இருக்கிறது.
கேட்டு வாங்கவேண்டும்.